கரித்துணிக் கூடுகள்

அந்த வருஷம் வைகாசி பிறந்து பத்தாம் நாள், பத்மபாக்கியம் ஜவுளி மாளிகையில் குடியிருந்த சிட்டுக்குருவிகள், இன்னும் பற்றாத ஒரு நெருப்பிலிருந்து கரித்துணி பொறுக்கிவந்து கூடு கட்டத் தொடங்கின. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்று ஊர்க்காரர்கள் பின்னால் சொன்னார்கள். குருவிக்கு எது கிடைக்கிறதோ அதை வைத்துத்தானே கட்டும், கிடைத்தது நேற்றைக்கு உள்ளதா நாளைக்கு உள்ளதா என்று அது பார்த்துக்கொண்டா இருக்கும் என்று கேட்டார்கள். கேட்பதற்கு என்னவோ நியாயமாகத்தான் இருந்தது.

தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டி மேற்கே வந்தால் கண்ணில் படாமல் போக முடியாத கட்டடம் அது. ஐந்து மாடி, முகப்பு முழுக்கக் கண்ணாடி, கண்ணாடிக்கு மேலே முதலாளி வைகுண்டமணி அண்ணாச்சி தன் தாயாரின் பெயரை ஆள் உயர எழுத்தில் எழுதி, ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் விளக்கு வைத்த பெயர்ப்பலகை. அந்த எழுத்துகளுக்குப் பின்னால், ஏசிக் குழாய்களின் வாயில், பொய்க்கூரைக்கு மேலே மின்கம்பிகள் கட்டுக்கட்டாகப் போகும் தகரத் தட்டுகளில், எங்கெல்லாம் கொஞ்சம் சூடும் கொஞ்சம் இருட்டும் கிடைத்ததோ அங்கெல்லாம் குருவிகள் கூடு கட்டின. அவற்றை எடுப்பது இசக்கியப்பனின் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அவன்தான் அந்தக் கட்டடத்துக்கு எலக்ட்ரீஷியன். காய்ந்த வைக்கோலையும் சூடேறிய கம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் முட்டையிடும் முன்பே கூட்டை எடுத்துவிடுவான், முட்டையிட்டுவிட்டால் அந்த விளக்குக்குப் போகும் கம்பியை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு, குஞ்சு பறக்கும்வரை அந்த இடம் இருட்டாகவே கிடக்கட்டும் என்று விட்டுவிடுவான். பாவமும் வரக்கூடாது, நெருப்பும் வரக்கூடாது, அவ்வளவுதான் அவன் கொள்கை.

அன்றைக்குப் பெயர்ப்பலகையின் முதல் எழுத்துக்குப் பின்னால் இருந்த கூட்டை எடுக்க ஏணியில் ஏறியவன், வைக்கோலுக்கு நடுவே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பட்டுத்துண்டு செருகியிருப்பதைக் கண்டான். உள்ளங்கை அகலம், சுற்றிலும் கரிந்து, நடுவில் ஒரு சரிகை மாங்காய். அந்த மாங்காய்க்கு வால் இல்லை, நெய்தவன் கை தவறியிருக்கிறது. எந்தக் கடை எரிந்ததோ என்று நினைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மூன்றாம் நாள் ஆரணியிலிருந்து வந்த புதுச் சரக்கைப் பிரித்தபோது அதே கத்தரிப்பூச் சேலை மடிப்புக் கலையாமல் முழுசாக வெளியே வந்தது. முந்தானையில் வாலில்லாத மாங்காய் ஒன்று இருந்தது. இசக்கியப்பன் பையிலிருந்த துண்டை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தான். இழைக்கு இழை பொருந்தியது. எரிந்த துண்டு முதலில் வந்திருக்கிறது, எரியாத சேலை பிறகு வந்திருக்கிறது.

அதை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போனான். அண்ணாச்சி இரண்டையும் தடவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“ஏல இசக்கி, கூறுகெட்டவனே, இது என்னன்னு ஒனக்குத் தெரியலையா? உடுத்துன துணில ஒரு நூல உருவி எரிச்சுத்தானல நாம கண்ணு கழிக்கோம்? நாம செய்ய வேண்டியத நமக்குப் பதிலாக் குருவி செஞ்சிருக்கு. லெச்சுமில அது!”

“அண்ணாச்சி, துண்டு கரிஞ்சு கெடக்கு, சேலை முழுசா இருக்கு. அப்பம் இனிமேத்தான எரியப் போவுது?”

“இனிமே எதுக்குல எரியணும்? அதான் எரிஞ்சாச்சே!”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். எரிந்தாகிவிட்ட ஒன்று மறுபடி எப்படி எரியும்? அந்தக் கட்டடத்தில் அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் அந்த ஒரு வாக்கியம்தான். கூடுகளை இனி ஒருத்தனும் தொடக்கூடாது, தொட்டவன் கையை முறிப்பேன் என்று அண்ணாச்சி உத்தரவு போட்டார்.

குருவிகளும் விடவில்லை. பச்சைப் பட்டில் ஒரு கிழிசல், குழந்தைச் சட்டையின் கருகிய காலர், பாதி உருகிய பொத்தான், விலைச்சீட்டின் ஒரு மூலை என்று எங்கிருந்தோ கொண்டுவந்து கொண்டுவந்து கட்டின. கட்டிய ஒவ்வொன்றுக்கும் இணை கடைக்குள் எங்கோ ஓர் அலமாரியில் நலமாக அடுக்கியிருந்தது. கூட்டில் துண்டு கிடக்கும் சேலைக்கு ஊரில் ‘கூட்டுச்சேலை’ என்று பெயர் வந்தது. கண் கழிந்த சேலை, பொண்ணுக்கு ஒரு பொல்லாப்பும் வராது என்று கல்யாண வீட்டுக்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். வந்தவர்கள் முதலில் கூட்டை அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு கடைப் பெண்களிடம் அதே சேலையை எடுத்துப்போடச் சொன்னார்கள், கூட்டில் துண்டு இல்லாத சேலையைக் காட்டினால் முகத்தைச் சுளித்தார்கள். கூட்டைக் கையால் தொடக்கூடாது, கண்ணால்தான் படிக்க வேண்டும் என்று ஒரு வழக்கமும் தானாக உண்டாயிற்று. மேனேஜர் பூதப்பாண்டி நீளப் பிரம்பு ஒன்றை வைத்துக்கொண்டு, இது மயில் கழுத்து, இது வாடாமல்லி, இது மூன்றாம் மாடி என்று கூட்டைச் சுட்டிச் சுட்டிப் படித்துக் காட்டினார். அடுத்த தெருக் கடைக்காரர் பொறுக்க மாட்டாமல் தன் கடை வாசலில் மண்சட்டிகளைத் தொங்கவிட்டு, தானே துணியைக் கரித்து உள்ளே வைத்துப் பார்த்தார். ஒரு குருவி எட்டிப் பார்க்கவில்லை. அவருக்கு அந்த யோகம் இல்லை என்று ஊர் முடிவு செய்தது. ஒருவகையில் அது உண்மைதான்.

தீயணைப்பு நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மாடி மாடியாக ஏறி இறங்கினார், தகரத் தட்டுகளில் கம்பியோடு கம்பியாகப் பின்னிக்கிடந்த நாரையும் எச்சத்தையும் பார்த்தார், பின்பக்கப் படிக்கட்டு அட்டைப்பெட்டிகளால் அடைத்துப் பூட்டியிருப்பதைப் பார்த்தார். ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்டதற்கு, வேலைக்கு நிற்கிற பிள்ளைகள் அந்த வழியாகச் சேலையைக் கடத்திவிடும் என்று பூதப்பாண்டி பதில் சொன்னார். கூடுகளை உடனே அகற்றவும், படிக்கட்டைத் திறக்கவும் என்று அதிகாரி எழுதிக்கொடுத்தார். அண்ணாச்சி அந்தக் காகிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, தாயார் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். தன் கடைக்கு வந்த எந்தக் காகிதத்துக்கும் அவர் அதைத்தான் செய்வார்.

பிறகு கூடு இருட்டில் கிடக்கிறது, வருகிறவர்களுக்குத் தெரியவில்லை, கூட்டுக்கு ஒரு விளக்குப் போடு என்றார். இசக்கியப்பனுக்குக் கை கூசியது. வேண்டாம் அண்ணாச்சி, பல்பு சூடு நாருக்கு ஆகாது என்று இரண்டு தடவை சொன்னான். மூன்றாம் தடவை சொன்னால் வேலை போகும் என்று அண்ணாச்சியின் முகம் சொன்னது. இருபத்தேழு கூட்டுக்கும் இருபத்தேழு விளக்குகளை அவனேதான் கம்பி இழுத்து மாட்டினான். நல்லவன்தான், நல்லவர்கள் மாட்டிய விளக்கும் சுடத்தான் செய்யும்.

ஆனி மூன்றாம் வாரத்தில், இரண்டாம் மாடிக் கூட்டில் துணிக்குப் பதிலாக ஒரு பேட்ஜ் கிடந்தது. கடையில் வேலைக்கு நிற்கும் பெண்கள் மார்பில் குத்திக்கொள்ளும் பிளாஸ்டிக் வில்லை. பாதி உருகி, மீதியில் ‘கோமு’ என்று பெயர் தெரிந்தது. கோமு அப்போது அதே மாடியில் நைட்டி மடித்துக்கொண்டிருந்தாள், அவள் பேட்ஜ் அவள் மார்பில் புதுசாக மின்னியது. எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். சேலைக்கு ஒரு நியாயம் என்றால் பேட்ஜுக்கும் அதே நியாயம்தானே, அவளுக்கும் கண் கழிந்துவிட்டது என்றுதானே சொல்ல வேண்டும்? அண்ணாச்சி அப்படிச் சொல்லவில்லை. சேலை கரிந்தால் அது கழிப்பு, ஆள் கரிந்தால் அது பீடை என்றார். பீடை பிடித்தவளை வைத்துக்கொண்டு கடை நடத்த முடியாது என்று அன்று சாயந்தரமே அவளை அனுப்பிவிட்டார்.

அந்தக் கடையில் வேலைக்குச் சேரும்போது பள்ளிக்கூடச் சான்றிதழ்களை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். தானாக நின்றாலும் சரி, நிறுத்தினாலும் சரி, தன் இடத்துக்குச் சொந்தத்தில் ஒருத்தியைக் கொண்டுவந்து விட்டால்தான், அவளும் ஒரு மாதம் ஒழுங்காக நின்றால்தான், சான்றிதழ் திரும்பக் கிடைக்கும். ‘மாத்தாள்’ என்று அதற்குப் பெயர். கோமு அழுதுகொண்டே ஊருக்குப் போய்ச் சித்தி மகளைக் கூட்டிவந்து விட்டாள். மாத்தாளுக்கு முதல் மாதம் பேட்ஜ் கிடையாது, நிலைப்பாளா என்று பார்த்துத்தான் பெயர் எழுதுவார்கள்.

அதற்குப் பிறகு எல்லாரும் காலையில் வந்ததும் கூடுகளை ஒரு சுற்று பார்த்தார்கள். தன் பெயர் இல்லையென்றால் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். பக்கத்தில் நிற்பவளின் பெயர் இருந்தால் அவளோடு பேசாமல் இருந்துகொண்டார்கள். கட்டடம் எரியுமா என்று அந்த இருநூறு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் எரிவேனா என்று மட்டும்தான் கேட்டார்கள்.

இசக்கியப்பன் ஒருவன்தான் வேறு மாதிரி நினைத்தான். கோமுவுக்காக எல்லாரும் உச்சுக்கொட்டியபோது, அவள் பிழைத்துக்கொண்டாள் என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றிய அந்த நிமிஷமே அவன் கண் மாடிப்படியைப் பார்த்தது, ஏனென்றால் நான்காம் மாடியில், குழந்தைகள் துணிப் பிரிவில், அவனுடைய ஒரே மகள் செந்தூர்க்கனி நின்றுகொண்டிருந்தாள்.

மூன்று வருஷமாக நிற்கிறாள். ஆவணியில் நர்ஸ் படிப்புக்கு மனுப்போட வேண்டும், அதுவரை வேலை என்று அவளுக்குள் ஒரு திட்டம்.

“நாளைல இருந்து போகாண்டாம் தாயி,” என்றான் சோற்றுத் தட்டுக்கு முன்னால்.

“ஏம்ப்பா?”

“கட்டடம் சரியில்ல.”

“நீங்க பாக்குத கட்டடந்தானப்பா? நீங்க இருக்கையில எனக்கு என்ன பயம்? பாதில நின்னா சர்டிபிகேட்டத் தரமாட்டாவ. ரெண்டே மாசம், கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும்.”

பீடி சுற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி தங்கபுஷ்பம், “அவ சொல்லுததும் சரிதான? கூட்டுல அவ பேரு வந்தாப் பாத்துக்கிடலாம்,” என்றாள்.

கூட்டில் பேர் வந்தால். அந்த வார்த்தை அவனை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் காலை, மகள் குளிக்கப் போனபோது, அலமாரியில் கிடந்த அவளுடைய போன வருஷத்துப் பேட்ஜை எடுத்து, அடுப்பில் காட்டிப் பாதியை உருக்கினான். பெயரைப் பத்திரமாக மிச்சம் வைத்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏணி போட்டு ஏறி, நான்காம் மாடி ஏசிக் குழாயின் வாயில் இருந்த கூட்டில் அதைச் செருகினான். குருவி ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அவள் இடத்துக்கு மாத்தாள் வேண்டுமே என்று அவன் நினைக்காமல் இல்லை. யாராவது ஒருத்தி வருவாள் என்று நினைத்தான். தென்காசிப் பக்கம், சங்கரன்கோவில் பக்கம், எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த யாராவது ஒருத்திக்கு அவன் மனசில் முகம் இல்லை.

மறுநாள் பூதப்பாண்டி பிரம்பால் சுட்டிப் பெயரைப் படித்தார். செந்தூர்க்கனியை அரை மணி நேரத்தில் வெளியே அனுப்பினார்கள். மூன்று வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் அவளுக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். வீட்டுக்கு வந்து அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பெண் கேட்டு வந்திருந்த நாங்குநேரி வீட்டார், இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை; இசக்கியப்பன் மட்டும் வயிறாரச் சாப்பிட்டான், நிம்மதியாகத் தூங்கினான். அப்படி ஒரு தூக்கம் தூங்கி வெகுநாளாயிற்று.

நாலாம் நாள், நான்காம் மாடியில் டியூப்லைட் மாற்ற ஏணியில் நின்றவன், கீழே புதுசாக ஒருத்திக்குக் கவுன் மடிக்கச் சொல்லிக்கொடுப்பதைக் கண்டான். கொஞ்சம் வயசானவள், விரல் வேகமாக ஓடுகிறது, பீடி சுற்றிய விரல் என்று நினைத்தான். நினைத்தபிறகுதான் குனிந்து முகத்தைப் பார்த்தான். கடைச் சீருடைச் சேலையில் தங்கபுஷ்பம் நின்றிருந்தாள்.

ஏணியில் இருந்து எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது.

“நீ எதுக்குட்டி இங்க வந்த?”

“மாத்தாளு வேணும்லா? புள்ளையோட சர்டிபிகேட்ட வாங்கணும்லா? எதுக்கு இந்த முழி முழிக்கிய, எல்லாரும் பாக்காவ. போயி வேலையப் பாருங்க.”

வீட்டுக்கு வந்ததும், மகள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அடுப்பு, பேட்ஜ், ஏணி, எல்லாம். தங்கபுஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்பம் குருவி சொல்லல. நீங்கதான் சொல்லியிருக்கிய.”

“பின்ன என்ன செய்யச் சொல்லுத? அந்தக் கட்டடம் எரியும். அது எனக்குத் தெரியும். பிள்ளைய வெளிய கொண்டுவர வேற வழி தெரியல. நீயும் நாளைக்குப் போகாத. ஊர்ல இருந்து ஒருத்தியக் கூட்டிட்டு வந்து விட்ருவோம்.”

“யார?”

“யாராவது...”

“யாரன்னு சொல்லுங்க. உங்க அக்கா மவளையா? எங்கண்ணன் மவளையா? இல்ல, பக்கத்து வீட்டு மாடத்தி பெத்தாளே ஒண்ணு, அதையா? எரியும்னு தெரிஞ்ச கட்டடத்துக்கு எந்தப் பிள்ளையக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போவிய? பேரச் சொல்லுங்க, நான் போகாம நிக்கேன்.”

அவன் வாயைத் திறந்தான். அந்த ஜில்லாவில் அவனுக்குத் தெரிந்த பிள்ளைகளின் முகங்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஒரு பெயரும் வெளியே வரவில்லை.

“ஒரு மாசந்தான். சர்டிபிகேட்ட வாங்கிட்டு நின்னுக்கிடுதேன். அவட்ட இதச் சொல்லாதீய, மனசு விட்டுப் போயிரும்,” என்று சொல்லிவிட்டு அவள் உலை வைக்க எழுந்து போனாள்.

சரி, அவளையும் கூட்டில் எழுதிவிடுவோம் என்று அவன் நினைத்தான். ஆனால் மாத்தாளுக்குப் பேட்ஜ் இல்லை, எதைக் கரிப்பது? அதோடு அந்த வித்தை அதற்குள் ஊருக்கே தெரிந்துபோயிருந்தது. ஆகாதவள் பேட்ஜைத் திருடிக் கரித்து வைப்பது, சண்டை போட்டவள் பெயரைக் கூட்டில் ஏற்றுவது என்று ஆனி கடைசிக்குள் பதினோரு பெண்கள் போய்விட்டார்கள். அதில் குருவி கொண்டுவந்தது எத்தனை, மனுஷர் கொண்டுவந்தது எத்தனை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பதினோரு மாத்தாட்கள் வந்து சேர்ந்தார்கள். ஆடித் தள்ளுபடி நெருங்குகிறது, இனி ஒருத்தி போனாலும் கட்டாது என்று அண்ணாச்சி புது உத்தரவு போட்டார்: இனிமேல் பேட்ஜைப் படிக்க வேண்டாம், சேலையை மட்டும் படித்தால் போதும். ஒவ்வொரு கூட்டையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடினார்கள், குருவி போய்வர மட்டும் ஒரு துவாரம். விளக்குகள் பெட்டிக்குள் போயின. பெட்டிகள் தொட்டால் சுட்டன. ஜனங்கள் அந்தச் சூட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஜனம் நேராகக் கடைக்கு வந்தது. பதினொரு மணிக்கு நிற்க இடமில்லை. இசக்கியப்பன் கீழே போய் மெயின் சுவிட்சை இறக்கினான். ஐந்து மாடியும் ஒரே நேரத்தில் அணைந்தது. கையில் ஸ்பேனரோடு நான்காம் மாடிக்கு ஓடி, முதல் கண்ணாடிப் பெட்டியை உடைத்தான். ஒரு கூட்டைக்கூட அவனால் எடுக்க முடியவில்லை. சாமிக் கூட்டைக் கலைக்கான், பிடி பிடி என்று ஒரு குரல் வந்தது, அப்புறம் எத்தனையோ கைகள் வந்தன. நகை போட்ட கைகளும், அப்போதுதான் ஆற்றில் கழுவிய கைகளும் அவனை அடித்தன.

“விடுங்க அவுகள! ஐயோ, விடுங்க!” என்று தங்கபுஷ்பம் கத்தினாள்.

“கீழ வந்திரு! எல்லாத்தயும் போட்டுட்டுக் கீழ வந்திரு!” என்று அடிகளுக்கு நடுவே அவன் அவளைப் பார்த்துக் கத்தினான்.

“இந்தா வாறேன். இந்தப் பிள்ளைக்குச் சட்டைய மாட்டிவிட்டுட்டு வாறேன்,” என்றாள். ஒரு குழந்தை ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியேயுமாக அவள் முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தது.

அவனைத் தெருவில் கொண்டுவந்து தள்ளினார்கள். வாடிக்கையாளர்களை வாசல் வழியாக இறக்கச் சொன்னார் பூதப்பாண்டி. கடைப் பெண்கள் இருந்த இடத்தை விட்டு அசையக்கூடாது, இருட்டில் சரக்கு களவு போகும் என்றார். பிறகு யாரோ மெயின் சுவிட்சை மேலே தள்ளினார்கள். எல்லா ஏசியும் எல்லா விளக்கும் ஒரே மூச்சில் கம்பியை இழுத்தன. நான்காம் மாடியில், அவன் உடைத்த பெட்டிக்கு அடுத்த பெட்டியில், வைக்கோல் பற்றியது. அங்கிருந்து தகரத் தட்டு வழியாகக் கூட்டுக்குக் கூடு, கூட்டுக்குக் கூடு என்று நெருப்பு போயிற்று. அதற்கென்று வழி போட்டு வைத்திருந்தார்கள். குருவிகள் துவாரம் வழியாக வெளியேறி எதிர்க் கட்டடத்துக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்துகொண்டன.

முன்வாசல் படிக்கட்டைப் புகை அடைத்துக்கொண்டது. பழைய ஆட்களுக்குக் கழிப்பறை ஜன்னல் தெரியும், அதன் கம்பி கழலும் என்பதும், அதற்குக் கீழே பக்கத்துக் கட்டடத்து மொட்டைமாடி இருக்கிறது என்பதும் தெரியும். அவர்கள் குதித்தார்கள், கால் ஒடிந்தாலும் உயிர் இருந்தது. மாத்தாட்களுக்கு அது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது பின்பக்கப் படிக்கட்டு மட்டும்தான். அங்கே அட்டைப்பெட்டிகளும் பூட்டும் இருந்தன.

மூன்று நாள் கழித்துத்தான் சாம்பலைக் கிளற விட்டார்கள். கட்டடத்தில் எரியாதது எதுவுமில்லை, கூடுகளில் இருந்த கரித்துண்டுகளைத் தவிர. வைக்கோல் போயிற்று, நார் போயிற்று, கண்ணாடி உருகி வழிந்தது. குருவி வைத்ததும் மனுஷர் வைத்ததுமான அந்தத் துண்டுகள் மட்டும் வைத்தபடியே கிடந்தன. ஒருமுறை எரிந்தது மறுமுறை எரியவில்லை. அண்ணாச்சி சொன்னது அந்த அளவில் சரியாகவே இருந்தது. விசாரிக்க வந்தவர்கள் அந்தத் துண்டுகளில் இருந்த பெயர்களை எல்லாம் எழுதிக்கொண்டார்கள். வேலையாட்கள் பதிவேடு எரிந்துபோயிருந்தது, சான்றிதழ்களும் எரிந்துபோயிருந்தன. பெயர் என்று அந்தக் கட்டடத்தில் மிஞ்சியது அவ்வளவுதான். பதினோரு பேட்ஜ், பதினோரு சடலம். இறந்தவர் பட்டியல் அன்றைக்கே தயாராகிவிட்டது.

கூடுகளை அப்புறப்படுத்தும் பொறுப்பு எலக்ட்ரீஷியனுக்குத்தான் என்று அண்ணாச்சி பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். சொல்லும்போது அழுதார். அவர் அழுத படம் பெரிதாக வந்தது.

ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில், பட்டியலில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து இறங்கினார்கள். கோமு வந்தாள், ஆட்டோவில் இறங்கும்போதே சித்தி மகள் பெயரைச் சொல்லி மண்ணில் விழுந்தாள். நாங்கள் உயிரோடு இருக்கிறோம், உள்ளே கிடப்பது எங்கள் மாத்தாட்கள் என்று எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா கெட்டவர் இல்லை. தண்ணீர் கொடுத்தார். உயிரோடு இருப்பதாக ஆளுக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன், பதில் வர நாளாகும் என்றார். மாத்தாள் என்று ஒரு பெயர் எங்கேயும் இல்லை, இல்லாத ஆளின் உடம்பை யாரிடம் கொடுப்பது என்று அவரும் கேட்டார்.

இசக்கியப்பன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான். கால் விரல் மிஞ்சியை வைத்து அடையாளம் தெரிந்தது. வெளியே வேப்ப மரத்தடியில் செந்தூர்க்கனி நின்றிருந்தாள்.

“கூட்டுல என் பேட்ஜ வச்சது யாருப்பா? அது போன வருஷத்து பேட்ஜுல்லா. வீட்டு அலமாரில கெடந்தது.”

அவன் சொன்னான். அவள் அழவில்லை.

“அம்மைக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் மறுநாளு வேலைக்குப் போனாளா?”

“போனா. வேற யாரையும் அனுப்ப அவளுக்கு மனசு வரல.”

“ஒங்களுக்கு வந்துச்சு, என்னப்பா?”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து குமாஸ்தா பட்டியலைப் பார்த்துச் செந்தூர்க்கனி, செந்தூர்க்கனி என்று இரண்டு தடவை கூப்பிட்டார். கூப்பிட்ட பெயருக்கு உரியவள் மரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“போய்க் கையெழுத்தப் போடுங்க,” என்றாள். “நான் செத்ததாவே இருக்கட்டும். அம்மைய இதுக்குமேல கெடக்க விடாண்டாம்.”

அவன் மேஜைக்கு முன்னால் போய் நின்றான். குமாஸ்தா பேனாவைத் திறந்தார்.

“இறந்தவங்க பேரு?”

“செந்தூர்க்கனி.”

“வயசு?”

“இருபத்தொண்ணு.”

“நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?”

இருபத்திமூன்று வருஷம் தன்னோடு குடித்தனம் நடத்தியவள் உள்ளே வெள்ளைத் துணிக்கு அடியில் கிடந்தாள்.

“அப்பா,” என்றான் இசக்கியப்பன்.

குமாஸ்தா அதை எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.